லைன் டூவில் ஞானம்

கீரைக்காரம்மாவே கூடையில் ஸ்கேன் அட்டையைத் தொங்கவிட்டிருக்கிற காலத்தில் உனக்கு எதற்கு லேண்ட்லைன், அதுவும் ரெண்டு, என்று என்னைக் கேட்காத ஆள் இல்லை. கேட்கிறவர்கள் மண்ணூர்பேட்டையில் ஒரு மாதம் கடை வைத்துப் பார்க்க வேண்டும். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பல கம்பெனிகளில் உள்ளே நுழையும்போதே செக்யூரிட்டி செல்போனை வாங்கி வைத்துக்கொள்வார். உள்ளே இருக்கிறவர்களுக்கு டிபன் வேண்டுமென்றால் கேன்டீன் சுவரில் மாட்டிய போன்தான் கதி. அந்தச் சுவரில் பேனாவால் கிறுக்கி வைத்த நம்பரை நாம் மாற்றிவிட்டால் அவ்வளவுதான், நம்மைத் தேட ஆள் இருக்காது.

டிபன் என் தொழில் இல்லை. நான் சுதா, லேடீஸ் டெய்லர். கடையின் முன்பக்கம் என்னுடையது. பின்பக்கம் ஷீட் போட்ட இடத்தில் ஞானகுமாரி சமையல் செய்து எஸ்டேட்டுக்கு அனுப்புவாள். பதினொரு வருஷமாக இப்படித்தான். அவள் வேப்பம்பட்டிலிருந்து விடியற்காலை ரயிலில் வருவாள், நான் பக்கத்துத் தெருவிலிருந்து எட்டு மணிக்கு ஆடி அசைந்து வருவேன். அவள் பொங்கல் கிண்டும் வாசனையில்தான் நான் ஊசியில் நூல் கோப்பேன்.

என் அண்ணன் ஜெகன் அமெரிக்காவிலிருந்து வரும்போது ஒரு போன் செட் கொண்டுவந்தான். ஒயர் இல்லாத ரிசீவர் ரெண்டு, லைனும் ரெண்டு, யாரும் எடுக்காவிட்டால் தானே பேசிப் பதிவு செய்துகொள்ளும் மிஷின் ஒன்று, எல்லாம் ஒரே செட்டில். நம்ம ஊர் கரண்டில் நேராகச் சொருகினால் புகைந்துவிடும் என்று செங்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்பார்மரையும் கூடவே வாங்கிக் கொடுத்தான். லைன் ஒன் எனக்கு, லைன் டூ ஞானத்துக்கு. உள்ளே ஒரு வெள்ளைக்காரி இருந்தாள். பட்டனை அமுக்கினால் எந்த லைன், எத்தனை மெசேஜ் என்று இங்கிலீஷில் சொல்லுவாள். தேதி செட் பண்ண எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியாததால் அவளுக்கு வருஷம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைதான்.

ஆளுக்கொரு வரவேற்பைப் பதிவு செய்தோம். என்னுடையது என்னைப் போலவே வெடுக்கென்று இருக்கும். “சுதா டெய்லர்ஸ். பேரு, அளவு, என்னிக்கு வேணும், மூணையும் சொல்லுங்க.” ஞானம் அப்படி இல்லை. ஸ்தோத்திரம் சொல்லி, தான் அடுப்பண்டை இருப்பதைச் சொல்லி, எத்தனை பேருக்கு டிபன் என்று கேட்டு, கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக என்று வாழ்த்தி, கடைசியில் ஆள் நேரில் நிற்கிற மாதிரி, “அப்ப நான் வர்றேன்” என்று முடிப்பாள். போனில் எல்லாரும் “வெச்சிட்றேன்” என்றுதானே சொல்லுவோம். அவளுக்கு அது பிடிக்காது. முகத்தில் கதவைச் சாத்துகிற மாதிரி இருக்கிறதாம்.

வினை ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வந்தது. ஞானம் வீட்டுக்கு ரயிலேறிப் போய்விட்டாள். நான் தைத்துக்கொண்டே போனின் மெசேஜ் பட்டனை அமுக்கினேன். வெள்ளைக்காரி லைன் டூ என்றுதான் சொல்லியிருப்பாள். தையல் மிஷின் சத்தத்தில் என் காதில் விழவில்லை. ஒரு ஆம்பளைக் குரல் வந்தது. “அக்கா, முப்பத்தாறு. நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு. போன வாட்டி ரொம்ப டைட்டா இருந்துச்சு. இந்த வாட்டி கொஞ்சம் லூசா விடுங்க.”

பெண்டாட்டி ஜாக்கெட்டுக்குப் புருஷன் போன் பண்ணுகிறானே, நல்ல குடும்பம் என்று நினைத்துக்கொண்டேன். தைத்து வைத்ததில் முப்பத்தாறு அளவு ஒன்றுதான் இருந்தது, நாகவல்லியுடையது. பக்கத் தையலைப் பிரித்து ரெண்டு பக்கமும் அரை அரை இஞ்ச் விட்டு, அயர்ன் பண்ணி மாட்டினேன். வேலை முடிந்ததே என்று மெசேஜையும் அழித்துவிட்டேன்.

மறுநாள் ஞாயிறு, ஓவர்டைம் நாள். பவுடர் கோட்டிங் கம்பெனி சூப்பர்வைசர் இளங்கோ ஏழு மணிக்கு ஆட்டோவோடு வந்து முப்பத்தாறு பொங்கல் எங்கே என்று நின்றார். ஞாயிறு காலையில் ஞானம் கோயிலுக்குப் போவாள், முன்கூட்டியே சொன்னால்தான் வந்து சமைத்துக் கொடுத்துவிட்டுப் போவாள். அன்றைக்கு அடுப்பே பற்றவில்லை. முப்பத்தாறு பேர் வெறும் வயிற்றோடு வேலை பார்த்தார்கள். திங்கட்கிழமை இளங்கோ தெருவில் வைத்து அவளைக் கத்திவிட்டுப் போனார். அதே முகூர்த்தத்தில் நாகவல்லியும் பூந்தமல்லி கல்யாணத்தில் ஜாக்கெட் தோளில் நிற்கவே இல்லை என்று என்னைக் கத்திவிட்டுப் போனாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, டைட்டாக இருந்தது பொங்கல்.

புரிந்ததும் நான் பின்பக்கம் போய் என் தலையில் நானே ஒன்று போட்டுக்கொண்டு சிரித்திருக்க வேண்டும். அவளும் சிரித்திருப்பாள். ஆனால் ஞானம் முந்திக்கொண்டு வந்து, மெசேஜ் ஏதாவது வந்ததா, நீ பார்த்தாயா என்று மெதுவாகக் கேட்டாள். அந்த மெதுவில்தான் எனக்குக் கோபம் ஏறிவிட்டது. தப்பு செய்தவளுக்குக் கோபம் அதிகம் வரும், எனக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே வரும்.

“எங்க அண்ணன் அமெரிக்காலேர்ந்து தூக்கினு வந்த போனு. ஓசி போன்ல பேசிக்கினு என்னையே கேள்வி கேக்கறியா நீ” என்றேன்.

ஓசி. பதினொரு வருஷம் என் வீட்டுக் கல்யாணம் காரியம் எல்லாவற்றுக்கும் அடுப்பு முன்னால் நின்றவளைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னேன். ஞானம் போய் அடுப்பை அணைத்தாள். மத்தியானத்துக்குள் கரண்டி, தாம்பாளம், குக்கர் எல்லாம் ஆட்டோவில் ஏறிவிட்டன. ஆட்டோவில் கொள்ளாத ரெண்டு பெரிய அண்டா மட்டும் நின்றுபோனது.

அதற்கப்புறம் என் செல் நம்பரைப் பார்த்தால் அவள் எடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் பரந்தாமனின் போனிலிருந்து கூப்பிட்டேன், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாள். நேரில் போகலாம்தான். போய், அந்தச் சாதுவான முகத்தோடு வாசலிலேயே நிற்க வைத்து அனுப்பிவிட்டால் என்ன செய்வது. எனக்கு அந்தப் பயம் இருந்தது. வெளியில் அதற்கு ரோஷம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

லைன் டூவை நான் தொடவில்லை. கூப்பிடுகிறவர்களுக்கு ஞானத்தின் குரலே ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தது. ரெண்டு நாளைக்கு ஒரு முறை ஒரு வெற்று மெசேஜ் வரும். யாரும் பேச மாட்டார்கள். மூச்சுச் சத்தம், பின்னால் மின்சார ரயிலின் ஹாரன், அப்புறம் டக். எனக்குத் தெரிந்து தண்டவாளத்துக்கு அவ்வளவு பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டவள் ஒருத்திதான். தன் குரல் இன்னும் இருக்கிறதா, நான் அழித்துவிட்டேனா என்று பார்க்கிறாள். இருக்கிறது என்று தெரிந்ததும் வைத்துவிடுகிறாள்.

மூன்று வாரம் இப்படி ஓடியது. அவள் கேட்பது அந்த வரவேற்பை மட்டும்தான் என்றால், நான் பேச வேண்டிய இடமும் அதுதான். ஆனால் என் குரலைப் போட்டால் அவள் குரல் போய்விடும். கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, சரி, என்னைத் துடைத்து எறிந்துவிட்டாள் என்று முதல் வார்த்தையிலேயே வைத்துவிட்டால் எல்லாம் பாழ். புதன்கிழமை காலையில் கடைக் கதவைச் சாத்திவிட்டு, வரவேற்பு பதிவு செய்கிற பட்டனை அமுக்கினேன். நாலு தடவை உளறி அழித்து, அஞ்சாவது தடவை இப்படிப் பேசினேன்.

“ஞானம், வெக்காதே, நான்தான். நீ கேக்கறேன்னு எனக்குத் தெரியும். அந்த முப்பத்தாறு பொங்கல் என் காதுலதான் உழுந்துச்சு. ஜாக்கெட்டுன்னு நெனச்சேன். ஓசின்னு சொன்னேன் பாரு, அது என் வாயில வந்திருக்கவே கூடாது. நீ இல்லாம கடைக்குள்ள இருக்க முடியல. வந்துடு. மத்தவங்க பீப் சத்தத்துக்கு அப்புறம் பேசுங்க.”

மத்தவங்க பேசினார்கள். வேண்டிய மட்டும் பேசினார்கள். இளங்கோ பேசினார்: டைட்டு லூசு என்று சொன்னதற்குப் பதில் பொங்கல் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம், தப்பு தன் மேலும் இருக்கிறது, தெருவில் கத்தியதற்கு வெட்கப்படுவதாகச் சொல்லிவிடவும், இப்போது வாங்குகிற இடத்துப் பொங்கலை வைத்துச் சுவரே கட்டலாம். செக்யூரிட்டி வேம்புலி பேசினார்: எல்லாம் சரி, அந்த ஜாக்கெட் என்ன ஆனது. யாரென்றே தெரியாத ஒரு அம்மா கேஸ் ஸ்டவ் ரிப்பேருக்கு ராங் நம்பர் போட்டவர், இப்படித்தான் தானும் தன் நாத்தனாரும் ஆறு வருஷம் பேசாமல் இருந்ததாக மிஷின் நிறுத்துகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் சாப்பிட்டுவிட்டு வந்தபோது லைன் டூவில் ஒன்று காத்திருந்தது. ரயில் ஹாரன் முதலில் வந்தது. அப்புறம் அவள்.

“நான்தான். கேட்டேன். ஊருக்கே மைக் செட்டு கட்னா மாரி இன்னா பேச்சு இது. எம்மனசுல ஒன்னும் இல்ல சுதா. அந்த அண்டாவை ஈரத்தோட கவுக்காதே. தைக்கும்போது கண்ணாடி போட்டுக்கோ. சரி, அப்ப நான் வர்றேன்.”

வர்றேன் என்று சொல்லிவிட்டாள். நான் கடைக்குள்ளேயே ரெண்டு சுற்று சுற்றினேன். காஜா எடுக்கிற ஜெயப்பிரியாவைக் கட்டிப்பிடித்ததில் அவள் கையிலிருந்த ஊசி என் தோளில் ஏறியது, அதுகூட வலிக்கவில்லை. உடனே புது வரவேற்பு போட்டேன்: ஞானம் வருகிறாள், திங்கட்கிழமை காலையிலிருந்து டிபன் உண்டு, எத்தனை பேருக்கு என்று சொல்லி வையுங்கள். செய்தி எஸ்டேட்டுக்குள் எப்படிப் போனதோ, சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதினாறு மெசேஜ். எல்லாமே பொங்கல், வடை, பொங்கல்.

பரந்தாமன் லேத் கம்பெனியில் வேலை பார்க்கிறவர், எதையும் அளந்து பார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டார். கடைக்கு வந்தவர் அந்த மெசேஜைப் போடச் சொல்லி ஒரு தடவை கேட்டார். இன்னொரு தடவை போடச் சொன்னார்.

“சுதா, இது போயிட்டு வர்றேன்னு சொல்றாங்களே, அந்த வர்றேன் மாரி இல்ல?” என்றார்.

நானும் இன்னொரு தடவை போட்டுக் கேட்டேன். நம்மில் யார் கிளம்பும்போது போகிறேன் என்று சொல்கிறோம், வருகிறேன் என்றுதானே. அதுவும் ஞானம், பதினொரு வருஷம் ஒவ்வொரு போனையும் அந்த வார்த்தையில்தான் வைத்தாள். என் காது கேட்ட வார்த்தை என் ஆசைக்குத் தோதாக இருந்தது, அதனால் யோசிக்கவே இல்லை. அண்டாவைப் பார்த்துக்கொள், கண்ணாடி போட்டுக்கொள், வருகிறேன். இது வருகிறவள் பேச்சா, விடைபெறுகிறவள் பேச்சா. பொங்கலை ஜாக்கெட் என்று கேட்ட அதே காதுதானே.

திங்கட்கிழமை காலையில் எஸ்டேட்டே வாயைத் திறந்துகொண்டு நிற்கப்போகிறது. ஒன்றுமில்லை என்றால் மறுபடியும் கெடப்போவது என் பெயர் இல்லை, அவள் பெயர். ஒரு தடவை அவளைத் தெருவில் நிற்க வைத்தது போதாதா.

ஞாயிறு மத்தியானம், அவள் கோயிலிலிருந்து திரும்பியிருப்பாள் என்று கணக்குப் பண்ணி, போன் செட்டையே கழற்றினேன். கரண்ட் போனாலும் மெசேஜ் அழியாமலிருக்க அடியில் ஒரு சதுர பேட்டரி உண்டு. செட்டையும் அந்தச் செங்கல் டிரான்ஸ்பார்மரையும் ஒரு கட்டைப்பையில் போட்டுக்கொண்டு அம்பத்தூரில் ரயில் ஏறினேன். ஆவடியில் ஏறிய ஒரு அம்மா காலில் பையை இடித்துக்கொண்டு, உள்ளே என்ன அம்மிக்கல்லா என்றார். எங்க ஃபிரெண்டு குரலும் அவங்க கஸ்டமருங்க குரலும் இருக்குது என்றேன். அவர் அப்புறம் வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

வேப்பம்பட்டில் ஞானம் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. என்னைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். வா என்றாள். சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். சாதுவான முகம்தான், ஆனால் உட்காரவும் சொன்னாள். தண்ணீரைப் பாதி குடித்துவிட்டு நேராகக் கேட்டுவிட்டேன்.

“வர்றேன்னு சொன்னியே, அது வர்றேனா, இல்ல வெச்சிட்றேனா?”

ஞானம் கொஞ்ச நேரம் முந்தானையை மடித்து மடித்துப் பிரித்தாள். “போனை வெக்கும்போது சொல்றதுதான்” என்றாள்.

இவ்வளவு தூரம் சுமந்துவந்த பையை அவள் கண்முன்னால் திறந்தேன். நீ வரவேண்டாம், ஆனால் உன்னைக் கேட்டு யார் யாரெல்லாம் பேசியிருக்கிறார்கள் என்று ஒரு தடவை கேட்டுவிடு, அப்புறம் நான் போய் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிக்கொண்டே மிக்ஸி சொருகுகிற இடத்தில் டிரான்ஸ்பார்மரை மாட்டிச் செட்டைச் சொருகினேன். பட்டனை அமுக்கினேன். வெள்ளைக்காரி லைன் டூ என்றாள், இன்றைக்காவது ஞாயிறு என்று சரியாகச் சொன்னாள்.

அந்த மிஷின் பழையதிலிருந்துதான் ஆரம்பிக்கும். அது எனக்கு ஞாபகம் வருவதற்குள் ஆரம்பித்துவிட்டது.

ஒரு விஷயத்தை நான் உங்களிடமும் சொல்லாமல் மறைத்துவிட்டேன். அவள் போன பிறகு அந்த மூன்று வாரமும், கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, லைன் ஒன்னிலிருந்து லைன் டூவைக் கூப்பிடுவேன். ஒரே செட்டில் ரெண்டு லைன் இருப்பதால் தனக்குத்தானே போன் போட்டுக்கொள்ளும். மிஷின் எடுத்து ஞானத்தின் குரலைக் கேட்கவைக்கும். ஸ்தோத்திரத்திலிருந்து வர்றேன் வரைக்கும் கேட்டுவிட்டு வைத்துவிடலாம் என்றுதான் இருப்பேன். பீப் சத்தம் வந்ததும் வாய் சும்மா இருக்காது. அதெல்லாம் பதிவாகிறது என்று எனக்குத் தெரியும். அழிக்க மனசு வரவில்லை.

இப்போது அந்த வீட்டுக்குள் என் குரல் கேட்டது. “ஞானம், இங்க மழை. உன் பக்கத்து ஷீட்டு ஒழுவுது, பக்கெட்டு வெச்சிருக்கேன்.”

பீப்.

“நாகவல்லி இன்னிக்கும் வந்து திட்டிட்டுப் போனா. தோள்ல நிக்காத ஜாக்கெட்டுக்கு ஊக்கு குத்திக்கினு மொய் எழுதுனாளாம். உங்கிட்ட சொல்லிச் சிரிக்கலாம்னு பின்னால ஓடினேன். நீ இல்ல.”

பீப். அடுத்ததில் பேச்சே இல்லை. தையல் மிஷின் கொஞ்ச நேரம் ஓடியது, நின்றது, நான் மூக்கைச் சிந்தினேன்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எந்தப் பட்டன் நிறுத்தும் என்று தேடினேன். கண்ணீர் மறைத்ததில் ஒன்றும் தெரியவில்லை. ஞானம் என் கையைப் பிடித்து நகர்த்திவிட்டாள். அதற்கப்புறம் அவளுடைய சொந்த மூச்சும் ரயில் ஹாரனும் வந்தன. தலையைக் குனிந்துகொண்டே கேட்டாள். கேஸ் ஸ்டவ் அம்மா வந்தபோது சிரித்தாள். இளங்கோ வெட்கப்பட்டபோது பரவாயில்லை என்று மிஷினிடமே சொன்னாள். பொங்கல், வடை, பொங்கல் என்று பதினாறும் முடிந்தது.

“ஆக மொத்தம் எத்தினி பேரு?” என்றாள்.

நூற்றுப் பன்னிரண்டு என்றேன்.

“நீ கேட்டு எண்ணினதா?”

ஆமாம் என்றேன். ஞானம் எழுந்து போய் பைபிள் பக்கத்திலிருந்து நோட்டும் பென்சிலும் எடுத்துவந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“அப்ப அது தப்பாத்தான் இருக்கும். மறுபடி போடு, நான் எழுதிக்கறேன். பயத்தம்பருப்பு இங்கியே வாங்கினு போயிடலாம், அங்க வெல ஜாஸ்தி.”

முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆர்டர் வந்த இடத்துக்குத் தாவுகிற பட்டனைத் தேடி விரலை வைத்தேன். அவள் பென்சிலால் என் விரலில் தட்டினாள்.

“மொதல்லேர்ந்து போடு” என்றாள் ஞானம்.